டெய்சி கைப்பட ஒரு வரி

எண் 58
திண்டுக்கல்
15.9.1996

அன்புள்ள மகேஸ்,

இங்கே நானும் அவரும் பிள்ளைகளும் சுகம். உன் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? தங்கமுத்து அண்ணனையும் உன் இரண்டு வாண்டுகளையும் கேட்டதாகச் சொல்.

நான் தந்தி அடித்த பிறகு உன்னிடமிருந்து ஒரே ஒரு கடிதம், அதிலும் நாலு வரி. குறை சொல்லவில்லை, எனக்கும் எழுத ஓடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை டெய்சிக்கு முப்பதாம் நாள் பூசை. அன்றைக்கு மாதா பிறந்தநாள் வேறு. கோயிலில் பாதிப் பேர் பட்டுச் சேலையில் இருந்தார்கள், நாங்கள் நாலைந்து பேர் ஓரமாக அழுதுகொண்டிருந்தோம். குஜிலியம்பாறைக்கு அந்தப் பக்கம், அவள் புருஷன் ஜெரோமின் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் மண்மேடு இன்னும் இறுகவில்லை.

கிணற்றில் தவறி விழுந்தாள் என்றுதான் ஆர்.டி.ஓ. விசாரணையில் எல்லோரும் சொன்னோம். அவள் கூடப்பிறந்த லூர்து அக்கா கையெழுத்துப் போட்டார், நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அவளாகக் குதித்தாள் என்று வந்தால் துக்கமணி அடிக்க மாட்டார்கள், கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் கிடைக்காது என்று அந்த ஊர்க்காரர்கள் பயம் காட்டிவிட்டார்கள். அவளை நல்லபடியாக அடக்கம் செய்தால் போதும் என்று அன்றைக்குத் தோன்றியது. அந்தக் கிணற்றில் தண்ணீரே கிடையாது, மகேஸ். ஊரே குழாயில்தான் பிடிக்கிறது. தண்ணீர் இல்லாத கிணற்றில் அவள் என்ன இறைக்கப் போனாள்?

பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் முன்னால் வைத்து லூர்து அக்கா ஜெரோமிடம் கேட்டார். "பிரின்சிய என்கிட்ட குடுத்துருங்க தம்பி. அவ ஆத்தாள வளத்த மாதிரி இவளையும் வளத்துர்றேன்." அக்கா பொய் சொல்லவில்லை. தாய் தகப்பன் போன பிறகு டெய்சியை வளர்த்து, டீச்சர் டிரெயினிங் படிக்க வைத்து, தான் கல்யாணமே செய்யாமல் செம்பட்டி பால்வாடியில் காலத்தைக் கழிப்பவர். ஜெரோம் கோபப்படவே இல்லை. "அவ ஆசை அதுதான்னா எனக்கென்னக்கா? டெய்சி கைப்பட அப்பிடி ஒரு வரி எழுதியிருந்தா கொண்டாங்க. மறுபேச்சில்லாம பிள்ளைய அனுப்பிர்றேன்" என்றான். சாமியாரும் "அது ஞாயந்தானே" என்றார். வீட்டில் ஒரு துண்டுக் காகிதம் விடாமல் தேடிப் பார்த்துவிட்டுத்தான் அவன் அப்படிப் பேசினான் என்று எனக்குத் தோன்றியது.

அதனால் ஒரு யோசனை. அரையாண்டு விடுமுறையில், டிசம்பர் 28 அன்று, என் பள்ளிக்கூடத்திலேயே டெய்சிக்கு ஒரு நினைவுக் கூட்டம் வைப்போம். விடுதி அறையில் இருந்த ஐந்து பேரில் மிச்சம் நாலு பேரும், நீயும் நானும் லிடியாவும் கமர்ஜஹானும், அவள் நமக்கு எழுதிய கடிதங்களைக் கொண்டுவந்து வாசிப்போம். எதிலாவது அந்த ஒரு வரி இருக்கும். விடுதியில் மதர் நம் கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டு, பிடிக்காததை அலமாரியில் போட்டுப் பூட்டிவிடுவார் என்று எண் போட ஆரம்பித்தோமே, அந்தப் பழக்கத்தை அவளும் கடைசிவரை விடவில்லை. உன்னிடம் இருப்பதை வரிசைப்படி கோர்த்து அனுப்பு. நீயும் கிளம்பி வா.

வேளைக்குச் சாப்பிடு.
அமலராணி

*

எண் 51
நாக்பூர்
6.10.1996

அன்புள்ள அமலா,

உன் கடிதம் கண்டேன். நாங்கள் நலமே. முட்டிவலிக்கு இங்கே ஒரு எண்ணெய் கொடுத்திருக்கிறார்கள்; நாற்றம்தான் மிச்சம். ஆண்டனிராஜ் அண்ணனுக்கு வணக்கம் சொல்.

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். அவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் மாறிவிட்டது. பெரியவனுக்குப் பரீட்சை. இந்தி மீடியத்தில் படிக்கிற பிள்ளைக்கு நான் என்ன சொல்லிக்கொடுப்பது, கூடவே உட்கார்ந்து கொட்டாவி விடுகிறேன்.

கூட்டத்துக்குக் கட்டாயம் வருகிறேன். டெய்சியின் கடிதங்கள் பழைய டிரங்குப் பெட்டியில் பரண்மேல் இருக்கின்றன. தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும்போது இறக்க வேண்டும். ஆனால் அமலா, நீ நினைக்கிற மாதிரி அவற்றில் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடக் கதை, பிரின்சி நடக்க ஆரம்பித்த கதை, அவ்வளவுதான். லூர்து அக்காவுக்கு வீணாக ஆசை காட்டாதே.

பிரின்சி யாரிடம் தூங்குகிறாள்? அவளைப் பார்த்தாயா? அதை எழுது.

அன்புடன்
மகேஸ்வரி

*

எண் 59
திண்டுக்கல்
20.10.1996

அன்புள்ள மகேஸ்,

எல்லோரும் சுகம். எனக்குத்தான் தொண்டை கட்டிக்கொண்டது. ஐம்பத்திரண்டு பிள்ளைகளோடு கத்தினால் வேறு என்ன ஆகும்?

டிரங்குப் பெட்டி பரண்மேல் இருக்கிறது, இன்னும் இறக்கவில்லை, ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை என்று உனக்குத் தெரியும். நல்ல ஞானதிருஷ்டி. முதலில் இறக்கு, அப்புறம் சொல்.

போன சனிக்கிழமை நானும் லிடியாவும் ஜெரோமை அழைக்கப் போனோம். லிடியாவுக்கு வேடசந்தூரில்தானே வேலை, அவன் சூப்பர்வைசராக இருக்கும் மில் அவளுக்குப் பக்கம். அழைக்காமல் இருக்க முடியாது. அவன் வந்தால்தான் பிள்ளை வரும், கடிதம் கிடைத்தால் அவன் முன்னால் வாசித்தால்தான் ஆகும். ஷிப்ட் விட்டு வருகிற கும்பலுக்குள் நின்று, "வாரேன் டீச்சர், எம் பொண்டாட்டிக்குக் கூட்டம் போடுறீங்க, வராம இருப்பனா?" என்றான். சட்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவனைப் பார்த்தால் யாருக்கும் நல்லவன் என்றுதான் தோன்றும். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பிரின்சி அவன் அம்மாவிடம் தூங்குகிறாளாம். லூர்து அக்கா பார்க்கப் போனால் வாசலோடு பேசி அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடுகிறாள். கிழவி ஏதோ சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

டெய்சியின் பெட்டியை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். அதில் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடைத்திருக்கிறது. யாருக்கு எந்த எண், எந்தத் தேதியில் எழுதினாள், பதில் எப்போது வந்தது என்று கோடு கிழித்து எழுதி வைத்திருக்கிறாள். ஜெரோம் அதைப் பள்ளிக்கூட நோட்டு என்று நினைத்து விட்டுவிட்டான் போல. லூர்து அக்கா அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள். பெட்டியை இறக்கு.
அமலராணி

*

எண் 52
நாக்பூர்
17.11.1996

அன்புள்ள அமலா,

நலம். உன் தொண்டைக்கு மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் குடி.

பெட்டியை இறக்கிவிட்டேன். ஒன்று முதல் நாற்பத்து மூன்று வரை, எண் தப்பாமல் கோர்த்து ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பதினேழாம் எண்ணைப் படித்துப் பார். முதல் நாள் வேலைக்குப் போனபோது தலைமையாசிரியரைப் பியூன் என்று நினைத்துச் சைக்கிளைப் பிடிக்கச் சொன்ன கதை. படித்துவிட்டு இரவெல்லாம் சிரித்தேன். அவர் எழுந்து வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று அவருக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 25 ஜி.டி. எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்தாயிற்று. சின்னவளை மட்டும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

பிள்ளைகளுக்கு முத்தம்.
மகேஸ்வரி

*

எண் 60
திண்டுக்கல்
1.12.1996

அன்புள்ள மகேஸ்,

வீட்டில் எல்லோரும் சுகம். பார்சல் வந்து சேர்ந்தது. நீ வரப்போகிறாய் என்று கேட்டதும் கமர்ஜஹான் பேகம்பூரிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து, "என் வீட்லதான் தங்கணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். பிரியாணிக்கு ஆசைப்பட்டு அங்கே போய்விடாதே, என் வீட்டிலும் சோறு போடுவோம்.

நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தோம். சிரித்தோம். பதினேழை இரண்டு தரம் படித்தோம். முப்பதாம் எண்ணுக்கு மேல் சிரிப்பு வரவில்லை. "மாமியாருக்கு நான் பள்ளிக்கூடம் போவது பிடிக்கவில்லை", "கையில் சூடு பட்டுவிட்டது, சும்மா சமையலில்தான்" என்று அங்கங்கே ஒரு வரி. பிள்ளையைப் பற்றி நமக்கு வேண்டிய வரி எதிலும் இல்லை.

ஆனால் நோட்டில் உன் பெயருக்கு நேரே 44 என்று ஒன்று இருக்கிறது. தேதி 22.7.96. நீ அனுப்பியது 43 வரைதான். வந்ததா, வரவில்லையா? வந்திருந்தால் ரயிலில் வரும்போது கையோடு கொண்டு வா. அதில் என்ன எழுதியிருந்தாலும் பரவாயில்லை. உன்னை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம்.

லூர்து அக்கா உனக்காக எள்ளுருண்டை பிடித்து வைக்கிறேன் என்கிறார். டெய்சி விடுதிக்குக் கொண்டுவந்தால் நீதான் பாதியைத் தின்பாயாம். அது அக்காவுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "எல்லாம் எழுதுவா" என்றார்.

பத்திரமாக வா.
அமலராணி

*

எண் 54
நாக்பூர்
23.12.1996

அன்புள்ள அமலா,

அவசரமாக எழுதுகிறேன். சின்னவளுக்கு அம்மை போட்டிருக்கிறது. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டோம். இது கூட்டத்துக்கு முன் உன் கைக்கு வருமோ என்னவோ, தந்தியும் அடிக்கிறேன்.

44 எனக்கு வரவில்லை. தபாலில் தொலைந்திருக்கும்.

லூர்து அக்காவிடம் என் நமஸ்காரத்தைச் சொல். நினைத்தாலே மனசு ஆறவில்லை.

மகேஸ்வரி

*

எண் 61
திண்டுக்கல்
2.1.1997

அன்புள்ள மகேஸ்,

புத்தாண்டு வாழ்த்து சொல்ல நா எழவில்லை. சின்னவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்றா? வேப்பிலை அங்கே கிடைக்கிறதா?

கூட்டம் நடந்தது. எல்லாவற்றையும் எழுதுகிறேன், நீ படிக்கத்தான் வேண்டும்.

காலை ஏழு மணிப் பூசையில் அவள் பெயரைச் சொல்லி மன்றாடினார்கள். மாசில்லாக் குழந்தைகள் திருநாள் என்பதால் சாமியார் பிரசங்கம் முழுக்கக் குழந்தைகளைப் பற்றி. லூர்து அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்தரை மணிக்கு என் ஐந்தாம் வகுப்பு அறையில் கூடினோம். இருபது பேர் இருக்கும். பெரியவர்கள் எல்லாம் பிள்ளைகள் பெஞ்சில் முட்டி முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். விடுதியில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து அவளை மட்டும் பெரிதாக்கி வைத்திருந்தேன், சிரிப்பில் கண்ணை மூடியிருப்பாளே, அது. வேறு நல்ல போட்டோ இல்லை. பிரின்சி புதுக் கவுன் போட்டு வந்து, "அம்மா ஏன் தூங்குறாங்க?" என்று கேட்டாள்.

நாங்கள் பழைய கடிதங்களாக எடுத்து வாசித்தோம். சைக்கிள் கதைக்கு ஜெரோமும் சிரித்தான். அப்போது லூர்து அக்கா எழுந்து அந்த நோட்டைப் பிரித்தார். சத்தம் போடவில்லை. "கமரு, உனக்கு முப்பத்தெட்டுன்னு போட்டிருக்கே, சூலை இருவது. அத வாசிக்கலயேம்மா. லிடியா, உனக்கு நாப்பத்தொன்னு, சூலை இருவத்தொன்னு. அமலா, உனக்கு அம்பத்தாறு, அதே தேதி" என்றார்.

இப்போது சொல்லிவிடுகிறேன் மகேஸ். அந்த நோட்டை நான் அக்டோபரிலேயே பார்த்துவிட்டேன். என் பெயருக்கு நேரே இருந்ததையும் பார்த்தேன். 56 என் பீரோவில்தான் இருந்தது. உன்னிடம் 44, 44 என்று நச்சரித்தது எதற்குத் தெரியுமா? உன்னுடையதில் அந்த வரி இருந்துவிட்டால் என்னுடையதை வெளியே எடுக்க வேண்டாமே என்று.

முதலில் கமர்தான் கைப்பையைத் திறந்தாள். பிறகு லிடியா. பிறகு நான். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே கடிதம். இங்கே தாங்க முடியவில்லை, பிரின்சியைக் கூட்டிக்கொண்டு பத்து நாள் உன் வீட்டில் வந்து இருக்கட்டுமா, அக்காவிடம் போனால் அடுத்த பஸ்ஸில் வந்து அழைத்துப் போய்விடுவார்கள், அக்காவையும் அசிங்கப்படுத்துவார்கள் என்று. நான் என்ன பதில் எழுதினேன் என்று கேள். வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள், அடுத்த மாதம் பார்க்கலாம், பிள்ளைக்காகப் பொறுத்துக்கொள் என்று எழுதினேன். கமர் வீட்டில் மாமனார் உடம்புக்கு முடியவில்லையாம். லிடியா ஜெபம் செய்யச் சொன்னாளாம்.

ஜெரோம் பிரின்சியை மடியில் வைத்தபடியே கேட்டான்: "பத்து நாளு வரட்டுமான்னுதான கேட்டிருக்கா? நான் போகாதன்னு சொல்லலயே. வராதன்னு எழுதுனது நீங்கதான டீச்சர்?"

அவனை அடிக்க வேண்டும் போல் இருந்தது. ஆனால் அவன் சொன்னதில் எந்த வார்த்தை பொய்? "பிள்ளை லூர்தக்காகிட்ட வளரணும்னு ஒரு வரி இருக்கா? இல்லல்ல? நான் வாரேன்" என்று எழுந்து போய்விட்டான். லூர்து அக்கா நோட்டை மூடினார். "டீ ஆறிப்போச்சு, குடிங்கம்மா" என்றார். எள்ளுருண்டையை எல்லோருக்கும் கொடுத்தார்.

இனி மிச்சம் உன் 44 ஒன்றுதான். தொலைந்தது என்று எழுதியிருக்கிறாய். உன் 52க்கு அப்புறம் 54 வந்திருக்கிறது. 53 எங்கே? அதுவும் தபாலில் தொலைந்துவிட்டதா?

அமலராணி

*

எண் 55
நாக்பூர்
2.2.1997

அன்புள்ள அமலா,

நாங்கள் நலம். நலம் என்று எழுதக் கை கூசுகிறது.

53ஐ எழுதி, கிழித்துப் போட்டுவிட்டேன். 44ஐ இத்துடன் வைத்திருக்கிறேன். உங்களுக்கு எழுதிய அதேதான் எனக்கும். பிரின்சியோடு நாக்பூர் வரட்டுமா, ரயிலில் தனியாக வரப் பயமில்லை, அவ்வளவு தூரம் தேடிக்கொண்டு வர மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறாள். பிள்ளையை அக்காவிடம் விடுவதைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை. நீ பார்த்தாலே தெரியும்.

நான் எழுதிய பதில் வரிக்கு வரி நினைவிருக்கிறது. குவார்ட்டர்ஸில் ஒரே அறை, அவர் சம்மதிக்க மாட்டார், கோடை விடுமுறையில் பார்க்கலாம், எல்லா வீட்டிலும் இருப்பதுதான், பொறுத்துப் போ என்று எழுதினேன். அமலா, நான் அவரைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சரி என்றிருப்பார். வேற்றூரில் அந்தப் பிள்ளையையும் இவளையும் வைத்துக்கொண்டு, நாளைக்கு அவன் வந்து நின்றால் யார் பதில் சொல்வது என்று எனக்குத்தான் சங்கடமாக இருந்தது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஆகஸ்ட் இரண்டாம் தேதி தபாலில் போட்டேன். என் பதில் அவள் கைக்குப் போய்ச் சேர்ந்ததா? நோட்டில் பதில் வந்த தேதி இருக்கும் என்றாயே. பார்த்து எழுது.

மகேஸ்வரி

*

எண் 62
திண்டுக்கல்
16.2.1997

அன்புள்ள மகேஸ்,

சுகம். தவக்காலம் ஆரம்பித்துவிட்டது, மதியம் கஞ்சிதான்.

44ஐ லூர்து அக்காவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் பார்த்தார். மடிப்பின் ஓரத்தில் ஏதாவது எழுதியிருக்கிறாளா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இல்லம்மா" என்று திருப்பித் தந்தார். அவ்வளவுதான்.

நீ கேட்டதைப் பார்த்தேன். உன் 44க்கு நேரே பதில் தேதி இல்லை, காலியாகத்தான் இருக்கிறது. உன் கடிதம் போய்ச் சேர்வதற்குள் அவள் போய்விட்டாள். அந்தக் கஷ்டம் உனக்கு வேண்டாம். நிம்மதியாக இரு.

ஈஸ்டர் முடிந்ததும் ஜெரோமுக்குக் கல்யாணமாம். கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை கல்யாண ஓலை வாசிக்கப் போகிறார்கள். மில்லை விட்டு வடக்கே சூரத் பக்கம் வேலைக்குப் போகப்போவதாகவும் பேச்சு. அதற்குள் ஏதாவது செய்ய வேண்டும் என்று லூர்து அக்கா வக்கீலைப் பார்த்தார். அவரும் கைப்பட ஏதாவது இருக்கிறதா என்றுதான் கேட்டாராம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அமலராணி

*

எண் 63
திண்டுக்கல்
11.5.1997

அன்புள்ள மகேஸ்,

மூன்று மாதமாகப் பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? பிள்ளைகள் சுகமா? ஒரு கார்டாவது போடக் கூடாதா?

ஜெரோமின் கல்யாணம் ஏப்ரலில் முடிந்தது. போன வாரம் குடும்பத்தோடு சூரத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். எந்த மில், எந்தத் தெரு என்று யாருக்கும் சொல்லவில்லை. சாமியாருக்குக்கூடத் தெரியாதாம். லூர்து அக்காவுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. செம்பட்டியிலிருந்து பஸ் பிடித்து, ரயில்வே ஸ்டேஷனுக்கு ஓடி, பிளாட்பாரத்தில் பெட்டி பெட்டியாகப் பார்த்திருக்கிறார். பிரின்சி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தாளாம். "பிரின்சி, பெரியம்மாடா" என்றதற்குப் பிள்ளை அந்தப் புதுப் பெண்ணின் சேலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டதாம். "அந்தப் பொண்ணு நல்லாத்தான் வச்சிருக்கா, பிள்ளைக்குத் தலை சீவி ரிப்பன் கட்டியிருந்துச்சு" என்று என்னிடம் சொல்லிவிட்டு அக்கா அழுதார். அவர் வாய்விட்டு அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை.

அமலராணி

*

எண் 56
நாக்பூர்
22.6.1997

அன்புள்ள அமலா,

பிள்ளைகள் நலம். சின்னவளுக்கு அம்மை வரவே இல்லை. டிசம்பரில் எனக்கு வரத் தைரியம் இல்லாமல் அந்தப் பச்சைப்பிள்ளை மேல் பழியைப் போட்டேன்.

என் பதில் அவளுக்குக் கிடைக்கவில்லை என்று நீ எழுதியது பொய். எனக்காகச் சொன்ன பொய் என்று தெரியும். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் நாலு மாதம் எழுதாமல் இருந்தேன். நோட்டில் அந்த இடம் காலியாக இருக்க முடியாது. என் பதில் ஆகஸ்ட் எட்டாம் தேதி அவளுக்குக் கிடைத்துவிட்டது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், 44 கடைசிக் கடிதம் இல்லை. 45 ஒன்று இருக்கிறது. உன் தந்தி வந்து நாலாம் நாள், தபால்காரர் அவள் கையெழுத்தோடு ஓர் இன்லண்ட் லெட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். இத்துடன் வைத்திருக்கிறேன். லூர்து அக்காவிடம் போகும் முன் நீ படித்துவிடு என்று இங்கேயும் எழுதுகிறேன்:

"8.8.96. அன்பு மகேஸ், உன் பதில் இன்று சாயங்காலம் கிடைத்தது. நீ சொல்வதும் சரிதான். உன்னைச் சங்கடப்படுத்திவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. எனக்கு ஒன்று ஆகிவிட்டால் பிரின்சி என் அக்காவிடம்தான் வளர வேண்டும். அதை மட்டும் எப்படியாவது சொல்லிவிடு. மற்ற மூன்று பேரும் இந்தப் பக்கமே இருந்தாக வேண்டியவர்கள், பயப்படுவார்கள். நீ தூரத்தில் இருக்கிறாய், உனக்குப் பயமில்லை. டெய்சி."

நீ செப்டம்பரில் முதல் கடிதம் எழுதியபோதே இது என் டிரங்குப் பெட்டியில் இருந்தது. ஜெரோம் கேட்ட வரி இதுதான் என்று தெரிந்துதான் உள்ளே ஒன்றும் இல்லை என்று எழுதினேன். இந்த வரியைக் காட்டினால் மேலே என் பதிலைப் பற்றி இருக்கும் வரியையும் எல்லோரும் படிப்பீர்களே என்று பயந்தேன். அக்கா படிப்பாரே என்று பயந்தேன். 53இல் எல்லாவற்றையும் எழுதினேன். தபால்பெட்டி வரை போய்விட்டுத் திரும்பி வந்து கிழித்தேன். ஜனவரியில் நீ உன் கடிதத்தைப் பற்றி ஒப்புக்கொண்ட பிறகாவது அனுப்பியிருக்கலாம். அப்போதுகூடப் பிள்ளை குஜிலியம்பாறைப் பக்கம்தான் இருந்தாள்.

இப்போது அனுப்பி யாருக்கும் பிரயோசனம் இல்லை. பிரயோசனம் இல்லை என்று ஆன பிறகுதான் எனக்கு அனுப்பத் துணிவு வந்தது. என்னைத் திட்டி எழுது. எழுதாமல் இருந்துவிடாதே.

மகேஸ்வரி

*

திண்டுக்கல்
13.7.1997

மகேஸ்,

45 வந்தது. செம்பட்டிக்குப் போய் லூர்து அக்கா கையில் கொடுத்தேன். பால்வாடியில் பிள்ளைகள் தூங்குகிற நேரம். வாசல்படியில் உட்கார்ந்து படித்தார். தேதியை விரலால் தொட்டுப் பார்த்தார். உள்ளே போய் அந்த நோட்டை எடுத்துவந்து, டெய்சி எழுதி நிறுத்திய இடத்துக்குக் கீழே தன் கையெழுத்தில் "மகேஸ் 45, தேதி 8.8.96" என்று எழுதினார். மேல் வரியில் உன் 44க்கு நேரே, பதில் 8.8.96 என்று டெய்சி எழுதியிருந்தது. ஆமாம், நான் பொய்தான் சொன்னேன்.

பதில் என்கிற இடத்தில் பேனாவை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "இதுக்கு யாரும்மா பதில் போடுறது?" என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார், மகேஸ். அவர் குத்திக்காட்டுகிறவர் இல்லை.

உன்னைத் திட்டி எழுதச் சொன்னாய். என் பீரோவில் டிசம்பர் வரை டெய்சியின் 56ஐப் பூட்டி வைத்திருந்தவள் நான், எந்த வாயால் திட்டுவது? விடுதியில் நம் கடிதங்களை மறைத்து வைத்தார் என்று மதரை எத்தனை நாள் திட்டியிருப்போம்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி முதலாண்டுப் பூசை. நினைவுக் கூட்டம் எதுவும் வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். "நான் மட்டும் போயிக்கிறேன். நீங்க யாரும் வர வேணாம்மா" என்றார். கமரிடமும் லிடியாவிடமும் சொல்லிவிட்டேன். உன்னிடமும் சொல்லச் சொன்னார்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள். இந்தக் கடிதத்துக்கு எண் போடவில்லை. நீயும் இனிப் போட வேண்டாம். ஒன்று வராமல் போனால் அது நமக்குத் தெரிய வேண்டாம்.

அமலராணி